கூடத்தில் ஒரு டோசர் சீட்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கு எதிரே, ஒரு டோசர் சீட் கிடந்தது. சுரங்கத்தில் மண் தள்ளும் டோசரில் ஓட்டுகிறவன் உட்காரும் இரும்பு சீட். கீழே துருப்பிடித்த சட்டம், மேலே பிய்ந்துபோன ரெக்சின், அதற்கும் மேலே நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட புடவைத் துணியில் ஓர் உறை. மந்தாரக்குப்பத்துப் பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்து, எடை போட்டு வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இத்த எதுக்குய்யா வூட்டுக்குள்ள தூக்கிகினு வர்ற? நடக்கவே முடியல, இரும்புக் கடையில போயி நின்னுகினு இருந்தியா?"

"கிட்ட வந்து அந்தத் துணியப் பாரு."

குனிந்து பார்த்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் கட்டிக் கிழிந்த புடவை. அவளே கையால் தைத்துக் கொடுத்த உறை. தையலை விரலால் தடவினாள். பிறகு, "அந்தச் சனியனா?" என்றாள்.

அந்தச் சனியனேதான். அதில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நான் வேலை பார்த்தது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில். பர்மனென்ட் இல்லை, குவார்ட்டர்ஸ் இல்லை, வாடகை வீடுதான். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணை வெட்டிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதைத் தள்ளிச் சமன் செய்வது என் டோசரின் வேலை. முன்னால் போவதில் சிரமம் ஒன்றும் இல்லை. பின்னால் எடுக்கும்போதுதான் உடம்பை முறுக்கித் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை திரும்புவேன் என்று யார் எண்ணியது?

அந்த மெஷின் என் கைக்கு வந்தபோதே சீட்டின் வலப்பக்க ஸ்பிரிங் உடைந்திருந்தது. நடுவில் உட்கார்ந்தால் வலது புட்டத்தில் ஒரு கம்பி குத்தும். வேறு ஊர் சைட்டிலிருந்து பழைய மெஷினாக வந்து இறங்கியது அது. எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜும் அதே வருஷம் அதே சைட்டிலிருந்துதான் வந்து சேர்ந்தார். ஒன்பது வருஷம் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. என் மண்டையில் களிமண்தான் இருந்திருக்க வேண்டும்.

ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒரு தாள் வரும். பிரேக், ஆயில், ஹாரன், லைட், சீட் என்று வரிசையாக இருக்கும். ஆபரேட்டர் நிலைமையைச் சொல்ல வேண்டும், இன்சார்ஜ் டிக் போட வேண்டும். நான் தினமும் சொன்னேன்.

"சீட்டு ஒடஞ்சிருக்கு சார்."

"ம்." ஒரு டிக். சீட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, "உடைந்தது" என்று நானே எழுதினேன். அந்த மனுஷன் கோபப்படக்கூட இல்லை. தாளை நிதானமாகக் கிழித்து, புதுத் தாள் எடுத்து, வரிசையாக டிக் போட்டார். "நான் மெஷின் ஓட்டுறப்ப சீட்டே கெடையாதுய்யா, வெறும் பலகைதான். ஒனக்கு மெத்த கேக்குதா? நல்லா நடிக்கிறய்யா" என்று ஷிஃப்ட் முடிந்து திரும்பும் வேனில் எல்லார் முன்னாலும் சொன்னார். வேன் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து என் பெயர் ஆக்டர். "ஆக்டரு வந்துட்டாரு, எடம் வுடுங்கப்பா" என்று முதலில் ஆரம்பித்தது, ரோட்டைச் சீவிச் சமன் செய்யும் கிரேடர் ஓட்டுகிறவன். பேரை வைத்தது என்னவோ இன்சார்ஜ்தான்.

நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கையால் சட்டத்தைப் பிடித்து, இடது புட்டத்தை ஓரத்தில் வைத்து, வலது காலை நீட்டி, உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டால் கம்பி படாது. இது பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. கம்பியிலிருந்து தப்பித்தேன், இடுப்பு மாட்டிக்கொண்டது. ஒரு வருஷத்துக்குள் வலி ஆரம்பித்துவிட்டது. வலது புட்டத்தில் தொடங்கி, பின்தொடை வழியாக, கெண்டைக்காலில் இறங்கி, கட்டைவிரல் வரை சுர்ரென்று இழுக்கும். தும்மினால் இழுக்கும். சிரித்தால் இழுக்கும். அதனால் சிரிப்பதையே விட்டுவிட்டேன்.

வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. ஒருத்தர் விருத்தாசலம் பக்கம் எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் போகச் சொன்னார். ஒருத்தர் நொச்சி இலையில் படுக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். நொச்சி இலையில் பூச்சி கடித்ததுதான் மிச்சம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் மகள் மஞ்சள் நீராட்டு விழாவில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சீர்வரிசைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வரிசையில் வந்தார்கள். பெண்ணைப் பெற்றவன் நான், எதிரே போய் ஒரு தாம்பாளத்தை வாங்கி நாலடி நடந்து, முடியாமல் கீழே வைத்துவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வரிசை நாற்காலியில் இன்சார்ஜ். "ஆக்டருக்கு இன்னிக்கும் ஷூட்டிங்கா?" என்றார். பந்தலே சிரித்தது. என் மச்சானும் சிரித்தான். மணையில் உட்கார்ந்திருந்த என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சல் இன்னும் அணையவில்லை. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. வலது செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடக்கும், நான் வெறுங்காலோடு பத்தடி போயிருப்பேன், எனக்கே தெரியாது. கிளட்ச்சும் பிரேக்கும் மிதிக்கிற ஆள் இப்படி இருந்தால் என்ன ஆகும்? நானே வேலையை விட்டு நின்றேன். அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்சார்ஜும் வயதாகிவிட்டதென்று வேலையை விட்டிருந்தார். எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது தெருவில் சொந்த வீடு. காலையில் பேப்பர் வாங்கிக்கொண்டு கையை வீசி நடந்து போவார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால்களைப் பார்ப்பேன்.

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. "குதிகால்ல நடந்து காட்டுங்க" என்றார். இடது பாதம் தூக்கியது. வலது பாதம் தூக்கவில்லை, தரையில் தொப்பென்று விழுந்தது.

"வலிய விடுங்க. பாதந்தான் அவசரம். நரம்பை அழுத்துற துண்ட எடுத்துட்டா திரும்ப வர வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போட்டீங்கன்னா அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் பாதம் வராது."

இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டர் எப்படிச் சொல்வார்? ஆனாலும் நான் இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். முதல் தடவை சுகர் கூடியிருக்கிறது என்றேன். இரண்டாவது தடவை ஆடி மாதம் என்றேன். இரண்டுமே சாக்கு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நடந்து, வலி போய், நான் நேராக நடந்துவிட்டால் அந்த ஆள் என்ன சொல்வார்? "பாத்தியா, ஒண்ணுமில்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். வேனில் சிரித்தவர்கள் தலையாட்டுவார்கள். ஒன்பது வருஷமாக என் கையில் இருந்த ஒரே சாட்சி என் வலிதான். அதை அறுத்து எடுத்துக் குப்பையில் போடுவதற்கு முன்னால், என் வலி நிஜம் என்று அந்த ஆள் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தேன். புத்தி கெட்டதனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

என் மனைவிக்கு அது தெரிந்துவிட்டது. இரண்டாவது தேதியும் தவறிப்போன அன்று சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒனக்குக் காலு வேணுமா, அந்தாளு வேணுமா?"

கால்தான் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

மூன்றாவது தேதி கொடுத்தார்கள். இதற்கு மேல் தள்ள முடியாது என்று டாக்டரே கண்டிப்பாகச் சொன்னார். அந்த வாரம்தான் கம்பெனி பழைய மெஷின்களை உடைத்துப் போட்டது. அந்த வாரம்தான் இரும்புக் கடையில் சீட் என் கண்ணில் பட்டது. அப்போது தோன்றியதுதான் இந்தத் திட்டம்.

எங்கள் பக்கம் ஒருத்தர் ஆபரேஷனுக்குப் போகிறார் என்றால், அதற்கு முந்தின நாள், அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சண்டைக்காரன்கூட வந்தாக வேண்டும். வராவிட்டால் ஊர் பேசும். ஆக, அவர் வருவார். வீட்டில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளையெல்லாம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கூடத்தில் பாய் விரித்தேன். நடக்க முடிந்தாலும் முட்டி வலியால் அவரால் தரையில் உட்கார முடியாது. பிறகு எங்கே உட்காருவார்? அந்தக் கம்பி ஒரு குத்துக் குத்தினால் போதும், "அய்யோ" என்று எழுந்திருப்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன்.

கம்பி நன்றாகவே வேலை செய்தது. சீட் வந்த மறுநாள் என் மச்சான் உட்கார்ந்து பார்த்து, அலறி எழுந்து, வேட்டியைத் தடவிக்கொண்டு நின்றான். பந்தலில் சிரித்தவன்தானே, அவனுக்கும் வேண்டும். துணி மடிக்க உட்கார்ந்த மனைவியும் குத்துப்பட்டு என்னைத் திட்டித் தீர்த்தாள்.

அட்மிட் ஆவதற்கு முந்தின சாயங்காலம் வந்தார்கள். பழைய ஷிஃப்ட் ஆட்கள் நாலு பேர் பாயில் உட்கார்ந்தார்கள். கிரேடர்காரன் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டான். கடைசியாக இன்சார்ஜ், கையில் ஹார்லிக்ஸ். வாசலிலேயே சீட்டைப் பார்த்துவிட்டார். உறையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இத எங்கய்யா புடிச்ச?"

"இரும்புக் கடையில கெடச்சுதுங்க. உக்காருங்க சார்."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? "சீட்டு இப்பவும் நல்லாத்தான இருக்குது" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. மனைவி டீ கொண்டுவந்தாள், குடித்தார். ஆபரேஷன் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பயப்படாதே என்றார். அவர் பங்காளி ஒருத்தருக்கு இதே ஆபரேஷன் நடந்து இப்போது வண்டி ஓட்டுவதாகச் சொன்னார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சானைக் குத்திய கம்பி, பெண்டாட்டியைக் குத்திய கம்பி, இந்த ஆளை மட்டும் விட்டுவிடுமா? இரும்புகூட அவர் பக்கம்தானா?

தலையைத் தொங்கப் போட்டபோதுதான் அவர் கால் கண்ணில் பட்டது. வலது கால் நீட்டியிருந்தது. மெல்லப் பார்வையை மேலே கொண்டுபோனேன். இடது கை சட்டத்தைப் பிடித்திருந்தது. இடது புட்டம் மட்டும் ஓரத்தில் இருந்தது. உடம்பு ஒரு கோணல். சீட்டின் வலப்பக்கம் காலியாகக் கிடந்தது.

அவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்த விதம் அது. குனிந்து பார்க்காமல், தடவிப் பார்க்காமல், பேசிக்கொண்டே அப்படி உட்கார வேண்டுமென்றால் அந்தச் சீட்டில் ஒருத்தன் மாதக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். வேறு சைட்டிலிருந்து வந்த மெஷின். அதே சைட்டிலிருந்து வந்த ஆள். இவ்வளவு காலமும் இவருக்குத் தெரியாது, புரியாது, அதனால்தான் டிக் போடுகிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

"சார், இந்த மெஷின நீங்க எத்தன வருஷம் ஓட்டுனீங்க?"

"நானா? நான் எங்க இத ஓட்டுனேன்? நமக்கு எப்பவும் பலகைதான்னு சொல்லியிருக்கேன்ல?"

"அப்ப நடுவுல சாஞ்சு நல்லா உக்காருங்க."

அவர் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். நீட்டியிருந்த காலைப் பார்த்தார். காலை மடக்கினார், ஆனால் நடுவுக்கு நகரவில்லை. பாயில் இருந்தவர்கள் முதலில் விழித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக அந்தக் காலியான வலப்பக்கத்தைப் பார்த்தார்கள். எல்லாருமே மெஷின் ஓட்டுகிறவர்கள், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னை ஆக்டர் என்று கூப்பிட்ட கிரேடர்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"நடுவுல உக்காருங்க சார். நல்லாத்தான இருக்குதுன்னு சொன்னீங்க?"

அவர் வாய் ஒன்பது வருஷமாகச் சொல்லாததை அவர் குண்டி பத்தே நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

எழுந்து நின்றார். "நாலு வருஷம்" என்றார். "அந்த சைட்டுல நாலு வருஷம் ஓட்டுனேன். இன்சார்ஜ் ஆனதால தப்பிச்சேன்."

"தெரிஞ்சேதான் டிக் போட்டீங்களா?"

"சீட்டு ஒடஞ்சுதுன்னு எழுதினா மெஷின நிறுத்தணும்யா. மெஷின் நின்னா மொதல்ல என்னத்தான் வூட்டுக்கு அனுப்புவாங்க. அதுக்குப் பயந்துகினுதான்... மன்னிச்சிடுய்யா."

மன்னிக்கவா? அவருக்குப் பயம், சரி. டிக் போடுவதற்குப் பயம் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். பந்தலில் என் மகள் முன்னால் ஆக்டர் என்றாரே, அதற்கு எந்தப் பயம் காரணம்? தயாராக வைத்திருந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வேறொன்று தோன்றியது.

"மன்னிப்பெல்லாம் ஒண்ணும் வேணாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எங்கூட நீங்க வரணும்."

ஆபரேஷன் என்றால் ஷிஃப்ட் ஆட்களில் ஒருத்தர் துணைக்கு வருவது வழக்கம். கிரேடர்காரன் வருவதாக இருந்தது. அவன் உடனே, "நான் நாளன்னிக்கு வரேன். நாளைக்கு சாரே போகட்டும்" என்றான். அவர் தலையாட்டினார். அவர்கள் போனதும், "கூட வர்றதுக்கு ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்று மனைவி சண்டைக்கு வந்தாள். இவர்தான் வர வேண்டும் என்றேன்.

காலையில் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பை, ஸ்கேன் படக் கவர், ஃப்ளாஸ்க் எல்லாம் அவர் கையில். ஆஸ்பத்திரி நடையில் என் வலது செருப்பு கழன்றது. "சார், செருப்பு" என்றேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எடுத்து என் காலில் மாட்டிவிட்டார். மூன்று தடவை கழன்றது. மூன்றாவது தடவை நானேதான் கழற்றிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சுகமாக இருந்தது.

வார்டில் படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதுகை முறுக்காமல், மரக்கட்டை மாதிரி ஒரே உருளாகத் திரும்ப வேண்டும் என்று ஒரு பெண் வந்து பழக்கிக் கொடுத்தாள். ஒன்பது வருஷம் முறுக்கியவனுக்கு முறுக்காமல் திரும்புவது அவ்வளவு லேசில் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிற்றை நர்ஸ் கத்தரித்து எடுத்தாள். இன்சார்ஜ் அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு நர்ஸ், அடியில் ஆபரேஷன் சம்மதக் கையெழுத்துக்கு இடம் விட்ட ஒரு ஃபாரத்தோடு வந்து நின்றாள்.

"எத்தனை வருஷமா வலி?"

"ஒம்பது வருஷங்க."

"எதனால வந்துச்சு? கீழ விழுந்தீங்களா? வெயிட்டு தூக்குனீங்களா?"

எந்த ஆஸ்பத்திரியிலும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். நான் சீட் என்பேன். அவர்கள் காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. சுவரோரமாக என் சட்டையையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். நர்ஸும் திரும்பினாள். மனைவியும் பார்த்தாள்.

அவர் பையைக் கீழே வைத்தார்.

"சீட்டும்மா. டோசர் சீட்டு ஒடஞ்சிருந்துச்சு. ஒடஞ்சிருக்குன்னு இவரு தெனமும் சொன்னாரு. நல்லாருக்குன்னு நான்தான் டிக் போட்டேன். நடிக்கிறான்னும் சொன்னேன்."

நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதெல்லாம் எழுத இதுல எடமில்ல சார். விழுந்தாரா, தூக்குனாரா, அத மட்டும் சொல்லுங்க."

"எழுத வேணாம்மா" என்றேன். பிறகு அவரிடம் சொன்னேன். "சார், இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தக் கட்டில்களை ஒரு முறை பார்த்தார். பிறகு முதலிலிருந்து, சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

அன்று சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்ட மனைவியைப் பார்த்தேன்.

"காலுதான்" என்றேன்.

நர்ஸிடமிருந்து பேனாவை வாங்கி, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.